பந்தணைநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை

பரத நாட்டியம் இன்று நம் தேசத்தின் பெருமைகளுள் ஒன்றாக உலகெங்கும் மதிக்கப்படுகிறது. அயல் நாட்டுப் பிரமுகர்கள் விஜயம் செய்யுங்கால் அவர்கள் முன்னிலையில் இது ஆடப்படுகிறது. மத்திய வகுப்பைச் சேர்ந்த குடும்பங்களிலே பெண் குழந்தைக்கு ஏழெட்டு வயது நிரம்பியதும் காலிற் சலங்கை கட்டிப் பார்க்கப் பெற்றோர் ஆவல் கொள்கின்றனர். அரங்கேற்ற அழைப்பிதழ்கள் நம் காரியாலயத்துக்கும் வந்த வண்ணம் இருக்கின்றன. தலைமை வகிக்கும் கனவானின் பெயர் அவற்றில் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆடப்போகும் சிறுமியின் படம் வர்ணத்தில் இருக்கிறது. அச்சிறுமி ஆடவிருக்கும் ஜதிஸ்வரத்தையும் வர்ணத்தையும் இந்த உருவில் நமக்கு விட்டுச் சென்றவர் யார் என்று அழைப்பிதழ் அனுப்பியவரைக் கேட்டால், பலர் விழிக்கக்கூடும். தஞ்சை ஜில்லாவில் ஒரு கிராமத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டில், கையில் ஒரு கழியுடன் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவரை அவர்களுக்கு நினைவூட்டுவது நம் கடமை எனக் கருதுகிறோம்.

அவர்தாம் பந்தணைநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை அவர்கள்.

பந்தணைநல்லூர் என்பது கும்பகோணத்துக்கு வடகிழக்கே திருப்பனந்தாளுக்கு அருகிலுள்ள சிற்றூர். சம்பந்தரும் அப்பரும் பாடிய ஸ்தலம். அம்பிகை பந்தாடிக்கொண்டிருந்தபொழுது அப்பந்து வந்து அணைந்த இடமாதலின் அவ்வூர் இப்பெயர் பெற்றது என்பது ஸ்தல புராணம். பசுபதீசுவரர் கோயிலும், குளமும், சுற்றிலும் காவிரி நீர் பாயும் வயல்களுமாக உள்ள அவ்வூர், சோழ தேசத்து நூற்றுக்கணக்கான ஊர்களினின்றும் கண்ணுக்கு வேறுபட்டதன்று. ஆனால் நாட்டிய உலகில் பந்தணைநல்லூர் என்பது ஓர் ஊரின் பெயராக நில்லாமல் ஒரு வழியின் பெயராகிவிட்டது. ஒரு பெண் அரைமண்டியில் அமர்ந்து கை நீட்டிய மாத்திரத்தில், இது பந்தணைநல்லூர்ப் பாணி என்று அறிந்தவர் சொல்லிவிடுவர். அரசர் ஆணையாலோ அச்சு யந்திரத்தாலோ விளைந்ததன்று இப்புகழ். ஒரு குடும்பத்தின் உழைப்பால் விளைந்தது.

1869-ஆம் வருஷம் பிள்ளையவர்கள் பிறந்தார்கள். அக்காலத்தின் நிலையை வாசகர்கள் சற்றே நினைவு கூர வேண்டும். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 1855-இல், தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண் சந்ததியின்றி இறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார், வாரிசு இல்லை என்று காரணங் காட்டித் தஞ்சை ராஜ்யத்தைத் தமதாக்கிக் கொண்டனர். டல்ஹௌஸி பிரபுவின் இந்நீதி பற்றிச் சரித்திர ஆசிரியர்கள் எழுதியுள்ளவை பல. அரண்மனையோடு மறைந்தவை எவையென்று எழுதினவர் சிலரே. பாடுவோர், வாசிப்போர், ஆடுவோர், அவர்களை ஆட்டுவிக்கும் நட்டுவனார்கள் ஆகியோர் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த ஆதரவு ஒரே நாளில் ஆட்டங் கண்டது. கோயில்களும், ஜமீன்தார்களும், மிராசுதார்களின் கல்யாணப் பந்தல்களும் எஞ்சின.

அந்த அரண்மனையில்தான் இந்தக் குடும்பத்தின் முன்னோர் கீர்த்தி பெற்றனர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு சகோதரர்களைத் தஞ்சை நால்வர் என்று சங்கீத உலகம் போற்றுகிறது. முத்துஸ்வாமி தீக்ஷிதரிடம் பயின்றவர்கள் அவர்கள். தஞ்சை அரசவையிலும், வடிவேலு அவர்கள் திருவாங்கூர் ஸ்வாதித் திருநாள் மகாராஜாவின் சபையிலும் விளங்கினார்கள். மேல்நாட்டு வாத்தியமாகிய பிடிலை நம் இசைக்கு வசப்படுத்தியவர்களுள் வடிவேலு முன்னணியில் நின்றவர். மகாராஜா அவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றை 1834-இல் பரிசளித்தார் என்பர். இவை எல்லாவற்றினும் பெரிது அவர்கள் ஆட்டத்துக்கு வகுத்துத் தந்த முறை. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று எந்தச் சபையிலும் நாம் காணும் வரிசை அவர்கள் கையால் உருப்பெற்றதே. எளிதிலிருந்து அரியதற்கும், அரியதிலிருந்து இளைப்பாறுதலுக்கும், முடிவில் உற்சாகத்துக்கும் பார்ப்பவர் மனத்தைப் படிப்படியாக நடத்திச் செல்லும் அவ்வமைப்பு, நூறாண்டுகளுக்கு மேலாகியும் மாறாமல் நிற்கிறது.

மன்னருக்கு வாரிசு இல்லை என்று கம்பெனியார் தீர்ப்புச் செய்தனர். நால்வருக்கு வாரிசு இருந்தது. ராஜ்யம் கைமாறியது, அடவும் ஜதியும் கைமாறவில்லை. பத்திரமும் பட்டாவும் இல்லாத சொத்து அது. நாவிலும் காலிலும் விரல் நுனியிலும் மாத்திரமே இருந்தது. பறிமுதல் செய்ய முடியாத அந்தச் சொத்துக்கு ஓர் அபாயம் மட்டும் உண்டு. வைத்திருப்பவர் அடுத்தவருக்குக் கொடாமல் கண்ணை மூடினால் அத்துடன் அது போயிற்று. நால்வரின் வழிவந்த குடும்பத்தில் தோன்றிய மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை அவர்கள் தம் வாழ்நாள் முழுவதையும் இந்த ஓர் அபாயத்தைத் தடுப்பதிலேயே செலவிட்டார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

நட்டுவனார் என்றால் தாளம் தட்டுபவர் என்று எண்ணுவோர் இன்றும் உளர். நட்டுவனாராகிறவர் பாட வேண்டும்; மிருதங்கத்தின் சொற்களை அறிந்திருக்க வேண்டும்; தெலுங்குப் பதத்துக்கும் தமிழ்ப் பதத்துக்கும் பொருள் தெரிந்து, நாயகியின் நிலை இன்னது என்று உணர்ந்திருக்க வேண்டும்; தீர்மானங்களைத் தாமே கோக்க வல்லவராயிருக்க வேண்டும்; ஆடுகிறவளின் உடலமைப்பையும் சுபாவத்தையும் பார்த்து அவளுக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று தீர்மானிக்க வேண்டும். கச்சேரி நாளில் அவர்தாம் தலைவர். பழைய சதிர்க் கச்சேரியில் மேளக்காரர் உட்காருவதில்லை. ஆடுபவளின் பின்னே நின்று, அவள் முன்னே வந்தால் தாமும் முன்னே வந்து, அவள் பின்னே சென்றால் தாமும் பின்னே சென்று, வாசித்தும் பாடியும் வருவர். நாகஸ்வரக் கோஷ்டிக்குப் பெரிய மேளம் என்றும் இதற்குச் சின்ன மேளம் என்றும் தஞ்சை ஜில்லாவில் பெயர். பெயரில்தான் சின்னதேயன்றி வித்தையில் அன்று.

பிள்ளையவர்களின் பள்ளிக்கூடத்தை வர்ணிப்பது எளிது. வர்ணிக்க அதிகம் இல்லை. தரை, மணை, கழி, சாரீரம். மணையின் மேல் தட்டுக்கழி விழும் ஓசையே அங்கே மணியோசை. ஆசான் உட்கார்ந்த இடத்தினின்றே சொற்கட்டைச் சொல்லுவார். மாணவி தட்டடவில் தொடங்குவாள். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய, முதுகு நிமிர, அரைமண்டியில் அமர்ந்து, பாதம் முழுதும் தரையில் ஒரே ஓசையாக விழ வேண்டும். முதற் காலத்தில் சரியாக வந்தாலன்றி இரண்டாங் காலம் இல்லை. இரண்டாங் காலம் வந்தாலன்றி மூன்றாவது இல்லை. நாட்டடவு முதலிய அடுத்தடுத்த வகைகள் ஒவ்வொன்றும் இவ்வாறே மூன்று காலங்களிலும் படிய வேண்டும். தொடை கடுக்கும், குதிகால் எரியும், மாதக்கணக்கில் பாட்டு என்பதே கிடையாது. எப்பொழுது பாட்டு வரும் என்று ஏங்குகிற மாணவிக்கு மறுமொழி அதே கழியின் ஓசைதான். இவ்வளவும் முடிந்து முதல் அலாரிப்புக்கு வரும் நாள், அம்மாணவிக்கு ஒரு பரீக்ஷையில் தேறிய நாள் போன்றது.

இந்தக் கண்டிப்பின் பயன் எது என்பதைப் பந்தணைநல்லூர் வழியில் தேர்ந்தவர் ஆடுகையில் காணலாம். கை நீண்டால் கோடு போட்டாற்போல் நீளும். கழுத்து முதல் குதிகால் வரை ஓர் அங்கமும் சோர்ந்து தொங்காது. வீண் அசைவு என்பது இல்லை. வர்ணத்திலே தீர்மானம் விரைவாகச் சென்று முடிந்தவுடன், அடுத்த கணத்தில் முகத்தில் பாவம் அமைதியாக மலரும். முன்னதன் வேகம் பின்னதைக் கலைப்பதில்லை. வசந்தா, சாவேரி, சக்கரவாகம் முதலிய ராகங்களில் இந்த வழியினர் ஆடிவரும் ஜதிஸ்வரங்களில், பொருளுள்ள சொல் ஒன்றுகூட இல்லாமல், ஸ்வரத்தையும் அடவையும் மட்டும் கொண்டு ஒரு கட்டடம் எழுப்பப்படுவதைப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் பார்க்கையில் உண்டாகும் நிறைவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இரண்டிலும் அழகு அளவினின்றே பிறக்கிறது.

இனி வருந்தத்தக்க பகுதிக்கு வருகிறோம். இவ்வளவு பெரிய வித்தையைக் கற்பித்தவரும் கற்றவரும் அக்காலத்தில் எவ்வாறு மதிக்கப்பட்டனர்? இவ்வாட்டத்தை ஆடியவர்கள் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்கள். கற்பித்தவர்கள் அதே சமூகத்தைச் சேர்ந்த ஆடவர்கள். பிற்காலத்தில் இசை வேளாளர் என்று பெயர் கொண்டவர்கள். பொட்டுக்கட்டும் வழக்கம் ஆதியில் எப்படியிருந்த போதிலும், பின்னர் பல சிறுமிகளின் வாழ்வைப் பாழாக்கும் கொடுமையாக மாறிவிட்டது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. சீர்திருத்தக்காரர்கள் அதை எதிர்த்தது நியாயமே. ஆனால் கொடுமையை எதிர்க்கப் புறப்பட்டவர்களில் பலர், ஆட்டத்தையும் கொடுமையையும் பிரித்தறியவில்லை. 1893-இல் சென்னை ஹிந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், சதிர் நடைபெறும் விருந்துகளுக்குச் செல்லலாகாது என்று வைசிராயையும் கவர்னரையும் விண்ணப்பித்துக் கொண்டனர். அப்பொழுது மீனாக்ஷிசுந்தரம் பிள்ளைக்கு வயது இருபத்துநான்கு. தம் முன்னோரின் வித்தையைக் கற்றுத் தொழிலுக்கு வரும் பருவத்தில், அத்தொழிலே நாகரிகமற்றது என்று ஆங்கிலம் படித்த கனவான்கள் தீர்மானம் செய்து கொண்டிருந்தார்கள்.

அந்த ஆங்கிலம் படித்த வகுப்பைச் சேர்ந்தவர்களே நாமும். ஆதலின் இதனைச் சொல்ல நமக்குக் கூச்சம் உண்டு. சொல்லாதிருக்க உரிமை இல்லை. நம் வகுப்பார் வெள்ளைக்காரர் எதை இகழ்ந்தனரோ அதைத் தாமும் இகழ்ந்தனர். பின்னர், அவர்களில் சிலர் எதைப் புகழத் தொடங்கினரோ அதைத் தாமும் புகழ்ந்தனர். இடையில், இகழ்ச்சியையும் புகழ்ச்சியையும் பொருட்படுத்தாமல், காலையில் எழுந்து கழியை எடுத்து மணையில் தட்டிக்கொண்டிருந்தவர்கள் பந்தணைநல்லூர் முதலிய ஊர்களிலிருந்த நட்டுவனார்களே. அவர்களிடம் அந்தக் காலத்திலும் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் இழிசொல்லைத் தாங்கிக்கொண்டு கற்றார்கள். அவர்கள் கற்காமல் விட்டிருப்பின், பிற்காலத்தில் நாம் பெருமையுடன் எடுத்துக்கொள்ள ஒன்றுமே எஞ்சியிருந்திராது.

திருப்பம் தேசிய இயக்கத்தோடு வந்தது. 1927-ஆம் வருஷம் காங்கிரஸ் மகாசபை சென்னையில் கூடியபொழுது அத்துடன் சங்கீத மகாநாடு ஒன்றும் நடைபெற்றது. அதன் விளைவாக அடுத்த வருஷம் சென்னை சங்கீத வித்வத் சபை பிறந்தது. அச்சபையின் காரியதரிசிகளுள் ஒருவரான ஈ. கிருஷ்ணய்யர் வக்கீல், தேசாபிமானி. சதிரைக் கேவலமாகப் பேசியவர்களின் வாயை அடக்க, பெண் வேடம் பூண்டு தாமே மேடையேறி ஆடிக் காட்டிய தைரியசாலி. அவருடைய முயற்சியால் 1931-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 15-ஆம் தேதி வித்வத் சபையின் ஆதரவில் ஒரு சதிர்க் கச்சேரி நடந்தது. ஆடியவர்கள் திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியரான ராஜலக்ஷ்மியும் ஜீவரத்தினமும். அவர்களுக்குக் கற்பித்தவர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை. அன்று கூட்டம் சொற்பம். கௌரவமுள்ளவர்கள் அத்தகைய இடத்துக்கு வரத் தயங்கிய காலம் அது.

அடுத்த ஆண்டின் இறுதியில் பத்திரிகைகளில் பெரும் விவாதம் மூண்டது. டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அவர்கள் ஒரு பக்கம், கிருஷ்ணய்யர் மறுபக்கம். பெண்களின் விடுதலைக்காகப் போராடிய அம்மையாரின் உள்ளத்தை நாம் வணங்குகிறோம்; கலையின் உயிருக்காக வாதாடிய அய்யரின் அறிவையும் மெச்சுகிறோம். அவ்விவாதத்தின் நடுவே வித்வத் சபையின் மகாநாட்டில் சதிர் என்ற பெயர் நீங்கிப் பரத நாட்டியம் என்ற பெயர் அங்கீகரிக்கப்பட்டது. 1933-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி அதே சகோதரிகள் மறுபடியும் ஆடினார்கள். இம்முறை கூட்டம் நிறைந்தது. ஆடியவர்கள் அவர்களே, ஆட்டுவித்தவரும் அவரே, ஆட்டமும் அதுவே. மாறியது பார்த்தவர்களின் கண். இரண்டே வருஷங்களில் இழிவு பெருமையாயிற்றென்றால், இழிவு ஆட்டத்தில் இருக்கவில்லை என்பது விளங்குகிறதன்றோ?

அந்தச் சகோதரிகளின் ஆட்டம் ருக்மிணி தேவியின் உள்ளத்தைக் கவர்ந்தது. பிராமண குலத்திற் பிறந்து, பிரம்மஞான சங்கத்தின் பிரமுகராக விளங்கிய அவர், முப்பது வயதை அணுகிய நிலையில் இவ்வித்தையைக் கற்க முற்பட்டார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும், பின்னர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். பிள்ளையவர்களுக்கு இது சாமானியமான விஷயமன்று. வழிவழியாகத் தம் சமூகத்துப் பெண்களுக்கே கற்பித்து வந்த ஒருவர், அச்சமூகத்துக்கு வெளியிலிருந்து வந்தவருக்கு, அதிலும் வயது முதிர்ந்த மாணவிக்குக் கற்பிக்க இசைவதா என்ற கேள்வி அவர் முன் நின்றது. அவர் தயங்கியிருந்தால் குற்றமில்லை. ஆயினும் கற்பித்தார். 1935-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் அடையாற்றில், பிரம்மஞான சங்கத்தின் வைர விழாவில் ருக்மிணி தேவி முதன்முறை ஆடினார். பயிற்சி முற்றிலும் நிரம்புமுன் மேடையேறுவதில் ஆசானுக்கு உடன்பாடு குறைவு. மாதக்கணக்கில் தட்டடவே கற்பிக்கும் பள்ளியிலிருந்து வந்தவர் வேறெப்படி எண்ணுவார்? ஆனால் காலம் அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வருஷம் கலாக்ஷேத்திரம் தோன்றியது. பிள்ளையவர்களும் அவருடைய மருமகப்பிள்ளை சொக்கலிங்கம் பிள்ளையும் அங்கே கற்பித்தார்கள். கலாக்ஷேத்திரத்தின் அடவில் இன்றும் நிமிர்ந்து நிற்கும் கோடு பந்தணைநல்லூரில் வரையப்பட்டதே.

அதன்பின் ரயிலேறி, வண்டியேறி, அச்சிற்றூரை நாடி மாணவர்கள் வந்தார்கள். பங்களூரிலிருந்து ராம் கோபால் வந்தார். ஆண்மகனும் இவ்வாட்டத்தை ஆடலாம் என்பதை 1939-இல் லண்டன் நகரத்துக்கே காட்டியவர் அவர். மிருணாளினி வந்தார்; பின்னாளில் சாராபாய் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஆமதாபாத்தில் தர்ப்பணா என்னும் கலைக்கூடத்தை நிறுவினார். சாந்தா ராவ் வந்தார். ரஸாயனப் பேராசிரியரான கிருஷ்ண ராவும் அவருடைய மனைவி சந்திரபாகா தேவியும் வந்தார்கள். தமிழ் தெரியாதவர், அரிசிச் சாப்பாடு பழகாதவர், தரையில் உட்கார்ந்தறியாதவர் எல்லோரும் அந்த மணையின் முன் ஒரே வரிசையில் நின்றார்கள். மாகாணம், பாஷை, ஜாதி ஆகிய வேற்றுமைகளை ஒழிப்பது பற்றி நாம் மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த நாட்களில், பந்தணைநல்லூரில் அது பிரசங்கமின்றியே நடந்துகொண்டிருந்தது. கால் சரியாக விழுகிறதா இல்லையா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி.

நாம் இங்கே நிறுத்தி ஒன்றைச் சிந்திக்க விரும்புகிறோம். ஒரு குடும்பத்தின் ஜீவனம் அதன் வித்தையைத் தன்னிடமே வைத்திருப்பதில் இருக்கிறது. தச்சனுக்கும் தட்டானுக்கும் வைத்தியனுக்கும் இஃது ஒக்கும். பிறர் கற்றுக்கொண்டு போனால், கற்பித்தவன் வீட்டு வாசலுக்கு நாளை வருவார் இல்லாமற் போகலாம். இதை அறியாதவரல்லர் பிள்ளையவர்கள். அறிந்தே அள்ளிக் கொடுத்தார்கள். அவர் பயந்த அபாயம் வித்தை பிறர் கைக்குப் போவதன்று. எவர் கைக்கும் போகாமல் மடிவதே என்று நாம் ஊகிக்கிறோம். தம் புதல்வர் முத்தையா பிள்ளைக்கும், மருமகப்பிள்ளை சொக்கலிங்கம் பிள்ளைக்கும், பேரர் சுப்பராய பிள்ளைக்கும் எதைக் கொடுத்தாரோ அதையே வந்தவர்களுக்கும் கொடுத்தார். சொத்தைத் தானம் செய்த பிரபுக்களின் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். இத்தானத்துக்குக் கல்வெட்டு எங்கே?

1947-ஆம் வருஷம், தேசம் விடுதலை பெற்ற சில வாரங்களுக்குள், பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அச்சட்டத்தை நாம் முழுமனத்துடன் ஆதரிக்கிறோம். ஒரு சிறுமியின் வாழ்வுக்கு ஈடாகும் கலை உலகில் எதுவும் இல்லை. ஆனால் சட்டம் கதவை அடைத்ததேயன்றி மாற்று வாயிலைத் திறந்து வைக்கவில்லை. சபாக்களின் மேடை பழைய குடும்பத்துப் பெண்களுக்கு விரைவில் அந்நியமாயிற்று. கௌரவமான குடும்பத்துப் பெண்களுக்கு உரியதாயிற்று. பரம்பரையினர் பலர், தம் தாயார் ஆடினார்கள் என்று சொல்லிக்கொள்ளவும் கூசும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். ஆட்டம் கௌரவம் பெற்றது; ஆடிக் காத்தவர்கள் பெறவில்லை. நட்டுவனார்களின் நிலை இவர்களினும் சற்று மேலாயிருந்தது. கற்பிக்க அவர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் அதுவும் எதுவரை? மேடைக்குப் பின்புறம் நின்று ஆட்டத்தை நடத்தியவர், மேடையின் ஓரத்தில் உட்கார்த்தி வைக்கப்பட்டார். பின்னர், நட்டுவாங்கத்தைப் பிறரும் கற்றுக்கொண்ட பொழுது, அந்த ஓரமும் பல இடங்களில் அவருக்கு இல்லாமற் போயிற்று.

சுதந்திரத்தைக் கண்ணாற் கண்டு, சில ஆண்டுகளில் முதிர்ந்த வயதில் பிள்ளையவர்கள் காலமானார்கள். அவர்களுடைய சிஷ்யர்களுக்குப் பின்னர் வந்த கௌரவங்கள் பல. ருக்மிணி தேவிக்கு 1956-இலும், மிருணாளினி சாராபாய்க்கு 1992-இலும் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. கலாக்ஷேத்திரம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம் என்று 1993-இல் பாராளுமன்றமே சட்டம் இயற்றியது. இவை அனைத்தும் தகுதியுடையார்க்குக் கிடைத்த தகுதியான மரியாதைகள். நாம் குறை கூறவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் ஒரு சொத்தின் உரிமையை நிலைநாட்ட வேண்டுமாயின், அதன் மூலத்தைக் காட்டு என்று கேட்பார்கள். இன்னாரிடமிருந்து இன்னாருக்கு, அவரிடமிருந்து எனக்கு என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கண்ணியை மறைத்தவனுடைய வழக்கு நிற்காது. பரத நாட்டியம் ஈராயிரம் ஆண்டுத் தொன்மையுடையது என்று முழங்குகிறவர்கள், பரத முனிவரிலிருந்து நேரே நம் காலத்துச் சபா மேடைக்குத் தாவிவிடுகிறார்கள். இடையில் நிற்பவர் நட்டுவனார். அவருடன் நிற்பவள் தேவதாசி. அந்த இரண்டு கண்ணிகளையும் மறைத்தால் நம்முடைய பாத்தியதைக்கு ஆதாரம் ஏது?

பிள்ளையவர்களின் வாழ்க்கையில் பெரிய சம்பவங்கள் இல்லை. அவர்கள் சிறை சென்றவரல்லர், பிரசங்கம் செய்தவரல்லர், நூல் எழுதியவரல்லர். அரசாங்கம் போய், அரண்மனை போய், மதிப்புப் போய், மீண்டும் மதிப்பு வந்த எழுபது எண்பது ஆண்டுக்காலத்தில், அரைமண்டி ஓர் அங்குலமும் உயராமற் பார்த்துக்கொண்டார்கள். அந்நிய ஆட்சியில் ஒரு தேசம் இழப்பது ராஜ்யம் மட்டுமன்று. தன் பொருள் நல்லதுதானா என்னும் நம்பிக்கையையும் இழக்கிறது. அந்நம்பிக்கையை இழக்காத சிலர் எங்கோ ஒரு மூலையில் இருந்தால்தான், விடுதலை வருங்கால் அத்தேசத்துக்குத் திரும்பப் பெற ஏதேனும் இருக்கும். சுதேசியம் என்ற சொல்லை ஒருகால் அவர்கள் அதிகம் உபயோகித்திராமலிருக்கலாம். சுதேசியத்தை இவ்வளவு நாள் இவ்வளவு உறுதியாக நடத்தியவர்கள் சிலரே.

நாம் வேண்டுவது பெரிய காரியமன்று. அரங்கேற்றம் செய்விக்கும் பெற்றோர்கள், அழைப்பிதழில் தலைமை வகிப்பவரின் பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விடட்டும். இன்ன ஜதிஸ்வரம், இன்ன வர்ணம், இன்ன நட்டுவனாரின் வழியில் வந்தது என்று அதில் அச்சிடட்டும். மேடையில் நமஸ்காரம் செய்யும் சிறுமிக்கு, அந்த நமஸ்காரம் யார் யாரையெல்லாம் சேர வேண்டும் என்பதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் சொல்லிக் கொடுக்கட்டும். அவ்வரிசையில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியர் போன்ற பெண்களின் பெயர்களும் கூச்சமின்றி இடம்பெறட்டும். பரம்பரையில் வந்த குடும்பங்களில் இன்னும் இவ்வித்தையைப் பேணுவோரைச் சபாக்கள் தேடிச்சென்று மேடையின் நடுவே அமர்த்தட்டும். இவற்றுக்குச் சட்டம் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. கடன்பட்டோம் என்று ஒப்புக்கொள்ளும் மனம் ஒன்றே தேவை. தலைமுறைக் கணக்கில் நாம் செலுத்தாமல் வைத்திருக்கும் பாக்கி அது. காலாவதியாகிவிட்டது என்று வாதாட நமக்கு மனம் வரவில்லை.